சைலன்சரை மாற்றினால் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் சைலன்சர் மாற்றுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை சத்தத்துக்காக மாற்றும் பொடியள், அவர்களை எல்லோருக்கும் தெரியும். பின்னேரத்தில் கம்பஸ் பக்கமோ பண்ணைப் பக்கமோ நின்றால் பார்க்கவே தேவையில்லை, காது சொல்லிவிடும். இரண்டாவது வகை சத்தமில்லாதது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பைக்கின் சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, வெல்டிங் வைத்தும் நிற்காமல், கடையில் கிடைத்த ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்ட ஐயாமார். பொலிஸ் மறிப்பது முதல் வகையைத்தான். ஆனால் இன்சூரன்ஸ் என்று வந்தால் இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படும்: காப்புறுதி எடுத்த வாகனமும் இப்போது அடிபட்டுக் கிடக்கும் வாகனமும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு தானாக விளங்கும். பெரும்பாலானோர் இதைச் சத்தம் பற்றிய விவகாரமாக நினைக்கிறார்கள். காப்புறுதிக் கொம்பனிக்குச் சத்தம் பெரிய விடயமில்லை.

ஐயாமார் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. தூரப் பயணத்தில் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து கோயிலுக்கு என்று ஓடும் பைக்கில் அது உள்ளேயே குளிர்ந்து தேங்கி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். வெளியே உப்புக் காற்று. குடாநாட்டில் கடலுக்குத் தூரமான இடம் என்று ஒன்றும் இல்லையே. ஆகவே இங்கே சைலன்சர் என்பது ரயரைப் போல எப்போதோ ஒருநாள் மாற்ற வேண்டிய பொருள்தான். அதே மாடலுக்குரிய, அதே வடிவிலான சைலன்சரைப் போட்டால் அது பழுதுபார்ப்பு. அதை மாற்றம் என்று யாரும் வாதிட மாட்டார்கள். பில்லை வைத்திருந்தால் போதும். சிக்கல் வருவது, "இதுக்குப் பொருந்தும் அண்ணை" என்று கடைக்காரர் எடுத்துத் தரும் வேறொரு மாடலின் சைலன்சரைப் போடும்போது. அந்த நிமிடத்தில் ஐயாவும் முதல் வகைக்குள் வந்துவிடுகிறார், அவருக்கே தெரியாமல்.

இனி பொடியள் விடயம். சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும் என்பது பாதி உண்மை. எஞ்சினில் எரிந்த வாயு ஒரே ஓட்டமாக வெளியே வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் குழாய் வழியே ஓடி, குழாய் விரியும் இடத்திலோ முடியும் இடத்திலோ பட்டு, ஓர் உறிஞ்சலாக வால்வை நோக்கித் திரும்பி வரும். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. உறிஞ்சல் அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்தெறிந்து புதுக் கலவைக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். எந்த வேகத்தில் அது ஒத்துவரும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. 150 சி.சி. பைக்கைச் செய்தவர்கள் அதை ஊருக்குள் ஓடும் வேகத்துக்குப் பொருத்தி வைத்திருப்பார்கள். திறந்த குழாய் அந்தப் பொருத்தத்தை மேல் வேகத்துக்குத் தள்ளிவிடும். ஆரியகுளம் சந்தியிலிருந்து ஆஸ்பத்திரி வீதிக்குப் போகும்போது அந்த மேல் வேகத்தை யார் தொடப்போகிறார்கள்? கீழே இழுவை குறையும், சத்தம் கூடும். சத்தம் கூடியதால் இழுவையும் கூடியதுபோல இருக்கும். கராஜ் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஆனால் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப ஆருக்கு மனம் வரும்?

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பைக்கோடு வரும் சைலன்சருக்குள் பெரும்பாலும் அறை அறையாகத் தடுத்திருக்கும். புகை வளைந்து வளைந்து வரும்போது சத்தம் செத்துவிடும். வெளியில் வாங்குபவற்றில் நேர் குழாய் ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. அந்தப் பஞ்சு நாளடைவில் எரிந்து, உதிர்ந்து போகும். எனவே பூட்டிய அன்று பரவாயில்லை என்று இருந்த சைலன்சர் இரண்டு வருடத்தில் ஊரைக் கூட்டும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சைலன்சரின் வாயில் செருகியிருக்கும் சிறு தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டால் இரண்டு வருடமும் தேவையில்லை.

யாழ்ப்பாண மெக்கானிக்மாருக்கு எஞ்சினைத் தங்கள் தேவைக்கு வளைப்பது புதிதல்ல. 90களில் பொருளாதாரத் தடை நாட்களில் பெற்றோலைச் சில துளி விட்டு உதைத்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் அவை. காபரேற்றர் காலத்து பைக் எதையும் தாங்கும். புதுப் பைக்குகள் அப்படியல்ல. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்களில் எரிபொருள் ஊசி முறை, புகைக் குழாயில் ஒட்சிசன் சென்சர், நச்சு வாயுவைச் சுத்தப்படுத்தும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். முன் குழாயோடு சேர்த்து முழுவதையும் மாற்றினால் கொன்வேர்ட்டர் போய்விடும். சென்சர் தவறான கதை சொல்லும். கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். அக்சிலரேற்றரை விடும்போது பட்பட் என்று வெடிப்பதைப் பலர் ரசிக்கிறார்கள். எரியாத பெற்றோல் குழாய்க்குள் போய் எரிகிற சத்தம் அது.

காப்புறுதிக் கொம்பனியின் கண் விழுவது இந்த இடத்தில்தான். கட்டுப்பணத்தை, அதாவது பிரீமியத்தை, கணக்குப் போட்டபோது அவர்கள் மனதில் வைத்திருந்தது தொழிற்சாலையிலிருந்து வந்த பைக்கை. அதில் தீப்பிடிக்கும் வாய்ப்பு இவ்வளவு, களவு போகும் வாய்ப்பு இவ்வளவு, பழுதுபார்க்கச் செலவு இவ்வளவு என்று ஒரு மதிப்பு. வெப்பத் தடுப்பு இல்லாத குழாயை வயரிங்குக்குப் பக்கத்தால் கொண்டுபோனால் முதலாவது மாறுகிறது. விலை கூடிய சைலன்சர் கண்ணைக் கவர்ந்தால் இரண்டாவது மாறுகிறது. இவற்றைவிட அவர்கள் அதிகம் யோசிப்பது, வெளியே சொல்லாதது, ஓட்டுகிறவரைப் பற்றி. சைலன்சர் மாற்றியவர் வேறு எதை மாற்றியிருப்பார், எந்த வேகத்தில் ஓடுவார் என்று சைலன்சரை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள். அது நியாயமா என்று கேட்டால், முழுவதும் நியாயமில்லை. எனக்குத் தெரிந்த மிக நிதானமான ஓட்டுநர்கள் சிலர் பைக்கைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள்தான். ஆனால் ஒருவரை நேரில் அறியாமல் விலை போடும் தொழில் அப்படித்தான் நடக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றென்று நினைப்பதால்தான் குழப்பம். ஒன்று அரசாங்கத்தின் கதவு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பைக் பதிவாகிறது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் எல்லாம் இருக்கும். சைலன்சருக்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால் பலர், புத்தகத்தில் இல்லாததை ஆர் கேட்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்க இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பரிசோதனைக்கு முதல்நாள் பழைய சைலன்சரைப் பூட்டி, மறுநாள் கழற்றுகிற கலையும் ஊரில் உண்டு. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் நாடு முழுக்க மாற்றியமைத்த வாகனங்களை மறிக்கத் தொடங்கினார்கள். பஸ்களின் அலங்காரம், கண்ணைப் பறிக்கும் லைட்டுகள், ஆட்டோக்களின் சோடனை, இவற்றோடு சத்தமான சைலன்சர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

மற்றக் கதவு ஒப்பந்தத்தின் கதவு. கொம்பனிக்குச் சொன்னதால் பொலிஸ் விடப்போவதில்லை. பொலிஸ் பிடிக்கவில்லை என்பதால் கொம்பனி காசு தரப்போவதும் இல்லை. சட்டத்துக்குப் பொருந்தாத சத்தத்தை எந்த இன்சூரன்ஸ் கடிதமும் பொருந்தச் செய்யாது.

இந்த இரண்டாவது கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. சுமாத்திராவில் ஆங்கிலேயரின் மால்பரோ கோட்டைக்கு ஆளுநராக இருந்த ஜோர்ஜ் கார்ட்டர், அந்நியர் கோட்டையைப் பிடித்தால் நட்டஈடு கிடைக்கும்படி லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் வந்து பிடித்தும் விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்தாய் என்று காப்புறுதி கொடுத்தவர் வழக்காடினார். 1766இல் ஆங்கிலேய நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு கொடுத்த தீர்ப்பில்தான், ஆபத்தைப் பற்றிய முக்கியமான விபரங்கள் காப்புறுதி கேட்பவருக்கு மட்டுமே தெரியும், ஆகவே அவர் அவற்றைத் திறந்து சொல்ல வேண்டும் என்ற கொள்கை உறுதியானது. உலகமெங்கும் காப்புறுதிக்காரர்கள் மேற்கோள் காட்டும் இந்த வழக்கில் வென்றது ஆளுநர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோட்டையின் நிலைமையைக் கேட்டு அறிந்திருக்கலாமே என்று காப்புறுதி கொடுத்தவரையும் நீதிபதி விட்டுவைக்கவில்லை. பின்னாளில் 1906ஆம் ஆண்டின் பிரித்தானிய கடற் காப்புறுதிச் சட்டம் எது முக்கியமான விபரம் என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: விவேகமான ஒரு காப்புறுதிக்காரர் கட்டுப்பணத்தை நிர்ணயிக்கும்போதோ, பொறுப்பை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும்போதோ அவருடைய தீர்மானத்தைப் பாதிக்கக்கூடியது எல்லாம் முக்கியமானது. அது முக்கியமா இல்லையா என்று பைக் சொந்தக்காரர் நினைப்பது கணக்கில் வராது. இலங்கையில் நாம் கையெழுத்து வைக்கும் விண்ணப்பப் படிவங்கள் இந்த மரபில் வந்தவை. வாகனத்தில் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியும், மேலே சொன்னவை உண்மை என்ற உறுதிமொழியும் அங்கிருந்து வந்தவைதான்.

எப்போது சொல்ல வேண்டும் என்பது பலரும் கவனிக்காத நுட்பம். பொதுக் கொள்கையின்படி இந்தக் கடமை ஒப்பந்தம் போடுமுன்னும், வருடா வருடம் புதுப்பிக்கும்போதும் வருகிறது. புதுப்பிப்பு என்பது சட்டக் கண்ணில் புதிய ஒப்பந்தம். நடுவில், தைப்பொங்கலுக்குப் புதுப்பித்துவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்குச் சைலன்சர் மாற்றினால்? அப்போது சொல்ல வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பொலிசிப் புத்தகத்தின் நிபந்தனைகள். வாகனத்தில் செய்யும் மாற்றங்களை உடனே அறிவிக்க வேண்டும் என்ற வாசகம் அதில் இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். அந்தச் சின்ன எழுத்துப் புத்தகத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. வரி அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதி அட்டை போதும் என்பதால் புத்தகம் ஏஜென்டிடமே கிடப்பதும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் பற்றிப் பேச வேண்டும். நம் ஊரில் ஏஜென்ட் என்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர், அல்லது கோயிலடியில் காணும் அண்ணை. படிவத்தை அவரே நிரப்பி, "இதில ஒரு சைன் வையும்" என்பார். மாற்றம் உண்டா என்ற இடத்தில் அவர் கை தானாக 'இல்லை' என்று எழுதும். பைக்கை அவர் கண்ணால் பார்த்திருந்தாலும் எழுதும். இங்கிலாந்தில் 1929இல் நியூஷோம் சகோதரர்கள் வழக்கில் இதேதான் நடந்தது. பஸ் ஒன்றுக்கான படிவத்தில் உண்மையை அறிந்திருந்தும் ஏஜென்ட் தவறாக எழுதினார்; பஸ் சொந்தக்காரர்கள் கையெழுத்து வைத்தார்கள். படிவத்தை நிரப்பும்போது அவர் கொம்பனிக்காக அல்ல, விண்ணப்பதாரருக்காகவே எழுதினார் என்று நீதிமன்றம் சொல்லி, சொந்தக்காரர்கள் தோற்றார்கள். ஏஜென்ட் அண்ணைக்கு வாயால் சொன்னதை நம்பி இருப்பவர்கள் இந்த வழக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் காப்புறுதி என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் பழைய பைக் வைத்திருப்போரில் பலர் எடுப்பது சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான். அதில் உங்கள் பைக்குக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே சைலன்சர் விலை பற்றிய தகராறே எழாது. அந்தக் காப்புறுதி ரோட்டில் காயப்பட்ட மற்றவரைப் பாதுகாக்க வந்தது. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. காயப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, நிபந்தனையை மீறிய சொந்தக்காரரிடம் அந்தக் காசைத் திரும்பக் கேட்கும் வாசகம் இவ்வகைப் பொலிசிகளில் வழக்கமாக இருப்பது. கால் போன ஒருவருக்கு நீதிமன்றம் விதிக்கும் நட்டஈடு உங்கள் பைக்கின் விலையோடு ஒப்பிடக்கூடிய தொகை அல்ல.

உங்கள் பைக்கின் சேதத்துக்கும் பணம் தரும் முழுக் காப்புறுதியில் நிலைமை நேரடியாகத் தெரியும். 5 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்த பைக், 40,000 ரூபாவுக்கு வாங்கிய சைலன்சர் என்று வைத்துக்கொள்வோம். யாரோ பின்னால் வந்து இடித்து லைட்டும் மட்காட்டும் மட்டும் உடைந்தால், சைலன்சருக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று வாதாடி வெல்ல நல்ல இடமுண்டு. நடைமுறையில் பல கொம்பனிகள் சின்னத் தொகைக்குச் சண்டை பிடிப்பதும் இல்லை. சைலன்சரே நசுங்கினால் அறிவிக்காத பொருளுக்கு 40,000 கிடைக்காது. அதிகபட்சம் பைக்கோடு வந்த பழைய சைலன்சரின் விலையைப் பேசலாம். பைக் எரிந்தால்தான் கதை மாறும். அறிவிக்காத குழாய், அதன் பக்கத்தில் ஒட்டிய வயர், தீ தொடங்கிய இடம் என்று கேள்விகள் வரிசையாக வரும். இங்கே விபத்து நடந்ததும் போன் பண்ணினால் கொம்பனியின் ஆள் அந்த இடத்துக்கே வந்து படம் எடுப்பது வழக்கம். அந்தப் படத்தில் சைலன்சர் விழாமல் இருக்காது. பிறகு பழையதைப் பூட்டிக்கொண்டு கராஜில் நிறுத்துவதால் பயனில்லை. மறைத்தார் என்பதற்கு அதுவே இன்னொரு சாட்சியாகும்.

லீசிங்கில் எடுத்த பைக் என்றால் மூன்றாவது ஒருவரும் உண்டு. கடன் முடியும்வரை புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது நிதிக் கொம்பனி. ஓட்டுகிறவர் பதிவு செய்த உரிமையாளர் மட்டுமே. அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக்கூடாது என்று லீசிங் ஒப்பந்தங்களில் இருப்பது சாதாரணம். பைக் முற்றாக அழிந்தால் நட்டஈடு முதலில் போவதும் அவர்களிடம்தான். அது மறுக்கப்பட்டால் இல்லாத பைக்குக்குத் தவணை கட்ட வேண்டிவரும். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல் திறக்கும்வரை பைக் விலை ஏறிய ஏற்றத்தில் கடன் எடுத்தவர்களுக்கு அந்தத் தவணை சின்னத் தொகையல்ல.

லண்டனில் இருக்கும் மச்சான் வேறு மாதிரிச் சொல்லுவார். அவர் சொல்வது அங்கே சரி. பிரித்தானியாவில் 2012இல் நுகர்வோர் காப்புறுதிக்குத் தனிச் சட்டம் வந்து, 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கொம்பனி தெளிவாகக் கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவாகத் தவறு விட்டால், சொல்லியிருந்தால் 100 பவுண் வாங்கியிருப்பார்கள், 60தான் வாங்கினார்கள் என்ற நிலையில் நட்டஈட்டில் 60 வீதம் கிடைக்கும். வேண்டுமென்று பொய் சொன்னால் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து கோண்டாவிலில் வைத்துப் பார்க்க வேண்டாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கையிலுள்ள பொலிசியை. தமிழ்நாட்டு யூரியூப்காரர்கள் சொல்வது இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பற்றி. அதுவும் இங்கே பொருந்தாது.

அறிவிப்பது பெரிய வேலையில்லை, மாற்றுமுன் செய்தால் இன்னும் நல்லது. வாகன இலக்கம், பொலிசி இலக்கம், எதைக் கழற்றி எதைப் பூட்டினீர்கள், எப்போது, என்ன விலை, பில், நாலு பக்கமும் எடுத்த படம். கிளை அலுவலகத்துக்குக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், மின்னஞ்சலும் சரி. ஏஜென்டுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியதை அழிக்காமல் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சைலன்சரில் 'அக்ராபோவிச்' என்றோ 'யொஷிமுரா' என்றோ தகடு இருந்தால் ஒருமுறை யோசியுங்கள். முதலாவது சுலோவீனியாவில், இரண்டாவது ஜப்பானில் தொடங்கிய நிறுவனம். பில்லில் சில ஆயிரம் ரூபா என்று இருந்தால் அது அவர்கள் செய்த சாமான் அல்ல. நகல் என்றால் நகல் என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லப்போய் ஒரு பொய்யைப் பதிவு செய்தவராவீர்கள்.

பதில் பல மாதிரி வரலாம். சரி என்று விடலாம், கட்டுப்பணத்தைக் கூட்டலாம், சைலன்சருக்கு மட்டும் பொறுப்பில்லை எனலாம், பழையதைப் பூட்டச் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் அதை எழுத்தில் பதிந்து பொலிசியோடு சேர்க்கும் தாளை, அதாவது என்டோர்ஸ்மென்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாயால் "பிரச்சினையில்லை" என்பவர் அடுத்த வருடம் வவுனியாக் கிளைக்கு மாறிப்போயிருப்பார்.

நட்டஈடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் என்பதும் அதில் இருக்க வேண்டும். முதலில் கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கே முடியாவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்; கொம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. இரண்டுமே கொழும்பில் இருந்தாலும் கடிதம் போகும். நேரில் போய் நிற்கத்தான் வேண்டும் என்றில்லை. மாற்றம் விபத்துக்குக் காரணமா, அது பற்றிக் கொம்பனி முன்பே தெளிவாகக் கேட்டதா, நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் சுற்றித்தான் அங்கே பேச்சு நடக்கும். ஏஜென்ட் நிரப்பிய அந்தப் படிவத்தின் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் முறைப்பாடு எழுதுமுன் அதைக் கொம்பனியிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.